ஆட்டுக் கதையில் எனக்கொரு நெரை

அட்டனில் ரயிலை விட்டு இறங்கினபோது என் முழங்கால் ரெண்டும் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பெட்டியை இறக்கிக் கொடுத்த மனுஷன் சிங்களத்தில் கேட்டார்: "தனியாவா வந்தீங்க அம்மா? கூட யாரும் இல்லையா?" கேள்வி புரிந்தது. பதில் சொல்லத்தான் சிங்களம் மறந்துபோயிருந்தது. ஒரு காலத்தில் இதே டவுனில் நின்று சிங்களத்தில் பேரம் பேசினவள் நான். தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

இந்த மலையில் பிறந்த எனக்கு இந்த மலைக்கு வர விசா வேண்டியிருந்தது. ரெண்டு அரசாங்கமும் பேசி முடித்து எங்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றினபோது என் மூத்தவன் இடுப்பில் இருந்தான். அப்புறம் கோத்தகிரி. அங்கேயும் அதே தேயிலை, அதே குளிர். அங்கே எனக்குச் சிலோன்காரி என்று பேர். இங்கே வந்த மறுநாளே பிள்ளைகள் இந்தியாப் பாட்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். கூப்பிடுகிறவர்கள் வாயை நான் அடைக்க முடியுமா?

ஊர் பார்க்க நான் வரவில்லை. என் தங்கச்சி மாரியாயிக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் ஆகி, அடுப்புப் புகைக் கிட்டப் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் மகள் தவமணி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தவமணியின் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. வீட்டில் ஆக்கிப்போட ஆள் இல்லை. "நீங்க வந்தாத்தான் ஆகும் பெரியம்மா" என்று போனில் சொன்னாள். வடக்கே சண்டையை நிறுத்தி வைத்திருந்த காலம், வழியில் சோதனையும் குறைவு என்றார்கள். வந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது ரெண்டாம் வகுப்பு. பிறகு கோத்தகிரியில் முதியோர் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது போகும். போகட்டும், எனக்கு என்ன அவசரம்? யாரையும் எழுதித் தரச் சொல்லி நான் கேட்டதில்லை.

தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அதை நினைத்துச் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் ஏற்றத்தில் பஸ் நின்றுபோனது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு ஆம்பளைகள் தள்ளணும், பொம்பளைகள் நடக்கணும் என்று ரெண்டு பாஷையிலும் கத்தினார்.

"எங்கிட்ட ஒரு சேவ இருக்கு. அது தள்ளணுமா, நடக்கணுமா?" என்றாள் என் பக்கத்தில் சேவல் கூடையோடு இருந்தவள்.

"சேவன்னா தள்ளச் சொல்லு" என்றார் கண்டக்டர், சிரிக்காமல்.

மழைத் தூறலில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரத்தில் லீக்ஸ் காய்கறி மூட்டை இறக்கிவிட்டு வந்த ஒரு லொறி நின்றது. டிரைவர் பேர் பண்டா. அரைகுறைத் தமிழில், "ஏறு ஆச்சி, ஏறு" என்றார். ஏறினேன். வழியெல்லாம் லொறியை ஏசிக்கொண்டே வந்தார். ஏசினால்தான் மலை ஏறுமாம். எதைத்தான் ஏசாமல் மலை ஏற்ற முடிந்தது இந்த நாட்டில் என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஓசியில் போகிறவள்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுதான் லயம். லயத்து வாசலில் மாரியாயி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றாள்.

"யாரு, அக்காவா? மூஞ்சி தெரியல, நடை தெரியுது. இன்னமும் எஜமானி மாதிரிதான் நடக்குற."

"ஒனக்குக் கண்ணுதான் போச்சு, வாயி போகல" என்றேன். ரெண்டு பேரும் அழவில்லை. தவமணிதான் அழுதாள்.

வெறும் தேத்தண்ணி கொடுத்தார்கள், உள்ளங்கையில் சீனி. நக்கி நக்கிக் குடிக்கணும். கோத்தகிரியில் நாங்கள் பாலை ஊற்றிக் காய்ச்சியே கெடுத்துவிடுகிறோம். ஆனால் ரெண்டு ஊரிலும் நல்ல தூள் கப்பலில் போய்விடும், கழிவுத் தூள்தான் பறித்தவளுக்கு. இதில் மட்டும் ரெண்டு நாட்டுக்கும் சண்டையே வந்ததில்லை.

மறுநாள் விடிய முன்னே ரொட்டி தட்டினேன். கோதுமை மாவும் தேங்காய்ப் பூவும். கூடவே மிளகாய் இடித்த கட்டச் சம்பல். தவமணி சாப்பிடாமல் ஓடிவிட்டாள். மத்தியானம் நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு இறங்கினேன். பள்ளிக்கூடத்தில் அவள் இல்லை. பழைய பிள்ளை மடுவத்தில் இருக்கிறாள் என்றார்கள்.

கொழுந்துக்குப் போகிற பொம்பளைகள் கைக்குழந்தையை விட்டுப் போகிற இடம்தான் பிள்ளை மடுவம். இப்போது புது மடுவம் கட்டிவிட்டதால் இது சும்மா கிடந்ததாம். தொட்டில் கட்டுகிற கொக்கியெல்லாம் உத்தரத்தில் அப்படியே இருந்தது. அந்தக் கொக்கிகளில் கரண்டு வயரைத் தொங்கவிட்டு, கீழே மேசையில் நாலு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறதாம், இங்கே ஒழுகாதாம்.

வெளிநாட்டுக்காரர்கள் யாரோ கொடுத்தது. கம்ப்யூட்டர் வாசிப்புத் திட்டம் என்று பேர். திரையில் ஒரு படம், கீழே கதை. கொழும்பில் யாரோ ஒரு பெண்பிள்ளை நிதானமாக வாசித்துப் பதிந்திருக்கிறாள். அவள் வாசிக்க வாசிக்க அந்தந்தச் சொல் மஞ்சளாகும். தெரியாத சொல்லின்மேல் அமுக்கினால் அதை மட்டும் திரும்பச் சொல்லும். பிள்ளை வாசிக்கிறதைப் பதிந்தும் வைக்கும், பிறகு பிள்ளையே கேட்டுக்கொள்ளலாம்.

"இது வர்றதுக்கு முந்தி, நாலாம் வகுப்புல பாதிப் பேரு போர்டைப் பாத்துப் படம் வரையிற மாதிரி எழுத்தை வரைவாங்க பெரியம்மா. என்ன எழுத்துன்னு கேட்டா முழிப்பாங்க" என்றாள் தவமணி. "இப்பப் பாருங்க."

பார்த்தேன். தர்ஷினி என்று ஒரு பிள்ளை. நாலாம் வகுப்பு, காதுக்கு மேல் ரெண்டு சிவப்பு ரிப்பன். 'பள்ளத்தாக்கு' என்ற சொல்லில் நின்றுபோனாள். அமுக்கினாள். சொன்னது. மறுபடி அமுக்கினாள். மறுபடி சொன்னது. எத்தனை தரமோ அமுக்கினாள், அந்தப் பெட்டிக்குக் கோபமே வரவில்லை. எங்கள் காலத்தில் வாத்தியாரிடம் ஒரு சொல்லை ரெண்டாம் தரம் கேட்டால் பிரம்பு பேசும். இது அடிக்கவில்லை, ஏசவில்லை, கொட்டாவி விடவில்லை. கடைசியில் அவளே ஒரு மூச்சில் சொல்லிவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பினாள். நான் பார்த்தேன்.

ஆனால் அந்த மடுவத்தில் அவள் ஒருத்தியா இருந்தாள்? ஒரு பெட்டிக்கு அஞ்சாறு பிள்ளைகள். காதில் மாட்டுகிறது ஒன்று, காது பன்னிரண்டு. இழுபறி, அழுகை. மத்தியானத்துக்கு மேலே ஃபேக்டரியில் ரோலர் ஓட ஆரம்பித்தால் கரண்டு இறங்கி, பெட்டி செத்துப் பிழைக்கும். அதற்குள் எல்லாப் பிள்ளைக்கும் முறை வராது. கத்திக் கத்தித் தவமணிக்குத் தொண்டை கட்டியிருந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னாள். டவுன் பள்ளிக்கூடத்தில் இந்தப் பெட்டிகளைக் கேட்கிறார்களாம். தோட்டத்துப் பிள்ளைகள் விளையாடத்தான் செய்கிறார்கள், கரண்டும் சரியில்லை, அங்கே கொடுத்தால் உபயோகமாகும் என்று மேலே எழுதிவிட்டார்களாம். கல்வி ஆபீசர் வந்து பார்ப்பார். பிள்ளைகள் வாசித்தால் பெட்டி இருக்கும், வாசிக்காவிட்டால் லொறி வரும்.

"போனா இன்னொண்ணு குடுப்பாங்கல்ல?" என்றாள் மாரியாயி.

"இங்க போன சாமான் எது திரும்பி வந்திருக்கு, சொல்லும்மா" என்றாள் தவமணி.

அடுத்த நாள் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு நான் திரும்பவில்லை. பிள்ளைகள் சண்டையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. கோத்தகிரியிலும் இங்கேயுமாக நான் எத்தனையோ வருஷம் கொழுந்து பறித்தவள். மலையில் ஆயிரம் செடி இருந்தாலும் ஏன் அடிதடி வருவதில்லை? காலையில் கங்காணி ஆளுக்கொரு நெரை கொடுத்துவிடுவார். ஒரு வரிசைச் செடி ஒருத்திக்கு. அவள் நெரையில் அடுத்தவள் கை வைக்கமாட்டாள்.

"ஏய், எல்லாரும் இங்க வாங்க" என்றேன். ஆட்டுக் கதை ஒன்று திரையில் இருந்தது, மலைமேல் மழை பார்க்கப் போன ஆடு. "மொதல் வரி விஜிக்கு. ரெண்டாவது பாக்கியம். மூணாவது தர்ஷினி. ஆளுக்கு ஒரு நெரை. பெட்டி ஒங்க நெரைக்கு வந்ததும் நீங்க வாசிக்கணும். அடுத்தவ நெரையில வாய வைச்சா அது கொழுந்துக் களவு. தெரியுமா?"

கொழுந்துக் களவு என்றதும் பிள்ளைகள் கண் விரிந்தது. அந்தச் சொல்லின் பாரம் லயத்தில் பிறந்த பிள்ளைக்குத் தெரியும். அம்மாமார் கட்டிப்புரண்டு சண்டை போட்டதைப் பார்த்திருப்பார்கள். பெட்டிக்குப் பெட்டி இதே மாதிரி நெரை பிரித்தேன். சத்தம் அடங்கியது. காதில் மாட்டுகிறதைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரை வைத்தோம். பெட்டி வாசிக்க, அவரவர் நெரையில் அவரவர் எழும்பி வாசித்தார்கள்.

"பாட்டிக்கும் ஒரு நெரை குடுங்க" என்றான் விஜி. அவன் முன்பல் விழுந்தவன், எதிலும் முந்திக்கொள்வான்.

கடைசி வரி எனக்கு வந்தது. 'மழை விட்டதும் ஆடு தானே வீட்டுக்கு வந்தது.' கண்ணாடியைப் போட்டு, விரல் வைத்து, கூட்டி வாசித்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் எதற்கு?

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எல்லாம் இப்படித்தான் போயின. காலையில் ரொட்டி, மாரியாயிக்குச் சொட்டு மருந்து, பிறகு மடுவம். குளிரில் முழங்கால் மடங்காது. படி இறங்க ஒரு பொழுது, ஏற ஒரு பொழுது. ஒருநாள் விஜி தெரியாத்தனமாகத் தர்ஷினியின் வரியைச் சொல்லிவிட்டான். அவள் அவன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டாள். "என் நெரையில எதுக்குடா கை வைக்கிற?" தவமணியும் நானும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தோம்.

"நீங்க வந்த பெறகுதான் பெரியம்மா எனக்குத் தொண்ட தொறந்திருக்கு" என்றாள்.

இன்னொரு நாள் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பொம்பளைகள் இடுப்பில் கட்டின படங்குச் சாக்கோடு மடுவத்து வாசலில் நின்றார்கள். தர்ஷினியின் அம்மா லெட்சுமியும் அதில் ஒருத்தி. பிள்ளை வாசித்துப் பதிந்ததைத் தவமணி போட்டுக் காட்டினாள். பெட்டிக்குள்ளிருந்து மகள் குரல் வந்ததும் லெட்சுமி, பக்கத்தில் நிற்கிற மகளை விட்டுவிட்டுப் பெட்டியையே பார்த்தாள்.

"இது என்னமா ஓடுது! வீட்டுல கூப்பிட்டா 'ம்' ன்னு ஒரு சொல்லு வராது" என்றாள்.

"மறுபடி ஒருவாட்டி போடுங்க டீச்சர்" என்றாள் பின்னால் நின்றவள். "கங்காணி தேடுவாரு" என்று ஒருத்தி சொன்னாள். "தேடட்டும்" என்றாள் லெட்சுமி. ஈரத் துணியோடு நின்று திரும்பவும் கேட்டார்கள். எனக்கும் காலில் வலி மறந்துதான் போனது.

அதற்கு அடுத்த நாளோ என்னமோ, நான் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்துவிட்டேன். அப்படியும் என் நெரை வந்ததும் எழும்பி, 'மழை விட்டதும் ஆடு தானே வீட்டுக்கு வந்தது' என்று தடுமாறாமல் வாசித்தேன். திரை எனக்கு மஞ்சள் புகை மாதிரிதான் தெரிந்தது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆபீசர் வந்த அன்று நல்ல மழை. மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். யாழ்ப்பாணத்து மனுஷன், தலை நரைத்தவர், கால்சட்டையெல்லாம் சேறு. அவரும் களைத்துத்தான் இருந்தார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். "சீனி வேண்டாம் அம்மா, நீரிழிவு வருத்தம் இருக்கு" என்றார். எத்தனை தோட்டம் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். "அதைக் கேளாதேங்கோ" என்றார்.

பிள்ளைகள் ஆட்டுக் கதையை வாசித்தார்கள். அன்று பாக்கியம் மட்டும் காய்ச்சலில் வரவில்லை. அவள் வரியைப் பெட்டியே வாசித்துக்கொண்டது, மற்றது எல்லாம் தண்ணீர் மாதிரி ஓடியது. நானும் என் வரியை வாசித்தேன். ஆபீசர் முகம் தெளிந்தது. தவமணி என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாள்.

"நல்லா இருக்கு. இப்ப நான் ஒண்டு போடுறன்" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு சீடித் தட்டை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். புதுக் கதை, ஆற்றங்கரையில் நின்றுபோன ஒரு பஸ். ஸ்பீக்கரை அணைத்தார். "சத்தம் வராது. நீங்களே வாசியுங்கோ."

விஜி எழும்பினான். அவனுக்குத்தான் முதல் நெரை. "ஆ...ற்றங் கரையில் ஒரு பழைய பஸ் நின்றது." நின்று நின்று வாசித்தான். ஆனால் வாசித்தான். புதுசை வாசித்துவிட்டான்! உட்கார்ந்தான்.

ஆபீசர் அடுத்த பிள்ளை எழும்பட்டும் என்று வரிசையைப் பார்த்தார்.

"பிறகு?" என்றார் ஆபீசர்.

யாரும் எழும்பவில்லை.

"தம்பி, நீயே வாசியன்."

"மாட்டேன் சேர்."

"ஏன், தெரியேல்லையோ?"

"அது பாக்கியத்தோட நெரை சேர். அவ வரல."

"அதுக்கென்ன, நீ வாசி."

"ஐயோ, அது களவு சேர்" என்றான் விஜி. மற்றப் பிள்ளைகளும் தலையை ஆட்டினார்கள்.

ஆபீசர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இதென்ன டீச்சர்? ஒரு வரிக்கு மேல ஒரு பிள்ளையும் வாசிக்கிறதில்லையோ?" தவமணி என்னைத்தான் பார்த்தாள். என் காதெல்லாம் சுட்டது. நான் பிரித்துக் கொடுத்த நெரை. பிள்ளைகள் நான் சொன்னதை ஒரு இம்மி பிசகாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

சுவரைப் பிடித்து எழும்பினேன். கங்காணி குரலில் போட்டேன்.

"ஏய்! ஆளு வராத நெரைய சும்மாவா விடுவாங்க? கொழுந்து முத்திப்போகாதா? பக்கத்து ஆளு ஏறி எடுக்கணும். ஒங்கம்மாமாரு அப்படித்தான செய்யுறாங்க? தர்ஷினி, ஏறு!"

தர்ஷினி எழும்பினாள். பாக்கியத்தின் வரியை வாசித்தாள். பிறகு தன் வரியை வாசித்தாள். அதோடு நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அடுத்த வரியில் ஏறினாள். 'பாலம்' என்பதைப் 'பலம்' என்று வாசித்துவிட்டு, தானே நின்று, திரும்பிப் போய், "பாலம்" என்று திருத்திக்கொண்டாள். விரல் அமுக்கத் தேடியது, சத்தம் இல்லை என்று ஞாபகம் வந்து விரலை மடக்கிக்கொண்டாள். கடைசி வரி வரைக்கும் போய்த்தான் உட்கார்ந்தாள்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டார். விஜி மெதுவாகக் கரையேறிவிட்டான். இன்னும் சிலர் பாதி தூரம் போனார்கள். மிச்சப் பேர் முதல் சொல்லிலேயே நின்றார்கள். ரோசி என்ற பிள்ளையை நான் கவனித்தேன். அவள் கண் திரையில் இல்லை, அணைத்து வைத்த ஸ்பீக்கரில் இருந்தது. அது ஆரம்பிக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள். ஆட்டுக் கதையில் எவ்வளவு அழகாகத் தன் வரியை வாசித்தவள்! அப்போதுதான் நான் கண்ணாடி இல்லாமல் வாசித்தது ஞாபகம் வந்தது. அவளும் வாசிக்கவில்லை, நானும் வாசிக்கவில்லை. காதில் விழுந்ததைத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம்.

ஆபீசர் ஈரக் கோட்டைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "டீச்சர், இந்தப் பெட்டியால வாசிக்கப் பழகின பிள்ளையள் இருக்கினம், அதை நான் கண்டன். கேட்டுப் பாடமாக்கின பிள்ளையளும் இருக்கினம். ரெண்டு பெட்டி இஞ்ச இருக்கட்டும். ரெண்டை டவுனுக்கு அனுப்பத்தான் வேணும், அங்கயும் பிள்ளையள்தானே. ஒருக்காச் சத்தத்தோட கேட்கட்டும், பிறகு நிப்பாட்டிப்போட்டு வாசிக்கட்டும். முழுக் கதையையும் ஒவ்வொருத்தரும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

அன்று ராத்திரி கருவாட்டுக் குழம்பு வைத்தேன். தவமணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"நெரை நெரைன்னு சொல்லிக் கெடுத்துட்டீங்களே பெரியம்மா."

நான் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவின சட்டியையே திரும்பக் கழுவினேன்.

மாரியாயி கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து சொன்னாள்: "அக்கா வராட்டி நாலு பெட்டியும் போயிருக்கும்டி. இல்லாட்டி நாலும் இருந்திருக்கும். எதுன்னு யாருக்குத் தெரியும்? சாப்புடு."

என் வயசில் ஒருத்தியிடம் வந்து மன்னிப்பு கேட்கச் சொல்லவும் தவமணியால் முடியாது, கேட்கவும் எனக்கு வராது. மறுநாள் காலை அவள் கூப்பிடாமலே மடுவத்துக்கு இறங்கினேன். அவளும் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. "இனிமே ஒரு நெரை முடிஞ்சா சும்மா உக்காரக் கூடாது, அடுத்த நெரையில ஏறணும். மலை முடியுற வரைக்கும்" என்றேன். "களவு இல்லையா பாட்டி?" என்றாள் ரோசி. "இல்ல. கங்காணி மாத்திட்டாரு" என்றேன். சத்தத்தோடு ஒரு தரம், சத்தமில்லாமல் ஒரு தரம். ரோசி ஒரு வரிக்கு அரைப் பொழுது எடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் வரிக்கு அதே அரைப் பொழுது எடுத்தேன். நல்ல ஜோடி.

விசா முடிந்து நான் புறப்படுகிற அன்றே லொறி வந்தது. பார்த்தால் பண்டா.

"ஆச்சி, மெசின் ஏத்த வந்தா நீயும் ஏறுதா?" என்றார்.

"என்னையும் பழைய சாமானோட சேத்துக்க" என்றேன்.

ரெண்டு பெட்டியைச் சாக்கில் சுற்றி ஏற்றினார்கள். பின்னால் போட்டால் இந்த ரோட்டில் திரைக் கண்ணாடி மிஞ்சாது என்று எனக்குத் தோன்றியது. ஒரு திரைப்பெட்டி முன்சீட்டில் என் பக்கத்தில், இன்னொன்று என் மடியில். கல்லு மாதிரி கனம். டவுன் பிள்ளைகளுக்குப் போகிற சாமானை நான் ஏன் மடியில் வைத்துக் காக்கணும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு கையைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மாரியாயி வாசல் வரைக்கும் தடவிக்கொண்டு வந்து, "அடுத்த வாட்டி ஒன் மூஞ்சியப் பாப்பேன்" என்றாள். தவமணி ரொட்டியைத் துணியில் கட்டி ஜன்னல் வழியாக நீட்டினாள். "தண்ணி குடிச்சுக்குங்க பெரியம்மா" என்றாள். அது போதும் எனக்கு.

பண்டா லொறியை ஏச ஆரம்பித்தபோது தர்ஷினி ஓடி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது.

"பாட்டி, நீங்க போயிட்டா ஒங்க நெரை?"

"எந்த நெரை?"

"ஆட்டுக் கதையில கடைசி நெரை. ரோசி எடுத்துக்கவான்னு கேக்கச் சொன்னா. அதை மட்டும் அவ சத்தமில்லாம வாசிச்சிட்டா. ஒங்ககிட்டக் கேக்காம ஏற மாட்டாளாம்."

எல்லா நெரையும் எல்லாருக்கும் என்று நான்தான் மாற்றியிருந்தேன். இருந்தும் கேட்டு அனுப்பியிருக்கிறாள். மேலே பார்த்தேன். மடுவத்து வாசலில், மழையில், வாயில் விரலை வைத்துக்கொண்டு ரோசி நின்றாள்.

நான் கொழுந்து பறித்த காலத்தில் காய்ச்சலிலும் என் நெரையை ஒருத்திக்கு விட்டுக் கொடுத்ததில்லை. பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது என் நெரையில் ஏறினவளோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தவள் நான்.

"எடுத்துக்கச் சொல்லு" என்றேன்.